முதுகுக்குப் பின்னால் முன் சக்கரம்

மச்சானின் பதின்மூன்று இருக்கை வேனில் காலையில் பள்ளிப் பிள்ளைகளையும் மாலையில் கப்பல் பட்டறை ஊழியர்களையும் நான்கு ஆண்டுகள் ஏற்றி இறக்கிய பிறகு, சென்ற ஆண்டு பெரிய பேருந்துக்கு மாறினேன். "உங்களிடம்தான் லைசென்ஸ் இருக்கிறதே, இன்னொன்று எதற்கு?" என்று அப்போது பலர் கேட்டார்கள்.

சிங்கப்பூரில் இதற்கு இரண்டு உரிமங்கள் வேண்டும். வண்டிக்கான உரிமத்தைப் போக்குவரத்துக் காவல்துறை தருகிறது. பயணிகளை ஏற்றிச் செல்வதற்கான தொழில் உரிமத்தை நிலப் போக்குவரத்து ஆணையம் தருகிறது. எடை குறைந்த வேன் என்பதால் என்னிடம் ஏற்கெனவே இருந்த, கார் ஓட்டுவதற்கான மூன்றாம் வகுப்பு உரிமமே அதற்குப் போதுமானதாக இருந்தது. பேருந்து ஓட்டுநருக்கான தொழில் உரிமத்தை மட்டும், மருத்துவப் பரிசோதனையை முடித்துத் தனியாக வாங்கினேன். பொதுப் பேருந்துக்கோ '4ஏ' வகுப்பு உரிமம் வேண்டும், வயது 21 நிறைந்திருக்க வேண்டும். அந்த உரிமத்துக்காகச் சொந்தக் காசில் கற்க நான் அலையவில்லை. மூன்றாம் வகுப்பு உரிமம் உள்ளவர்களைப் பயிற்சி ஓட்டுநர்களாகச் சேர்த்துக்கொண்டு பேருந்து நிறுவனமே கற்றுக்கொடுக்கும் வழி இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் நான் அந்த வழியைத்தான் பிடித்தேன்.

படிவங்களில் சிரமம் ஒன்றும் இல்லை. சிரமமெல்லாம் நான் உட்கார்ந்த இடத்தில்தான் இருந்தது. காரில் முன் சக்கரம் நம் பாதத்துக்கு முன்னால் இருக்கும். வேனில் ஏறக்குறைய இருக்கைக்கு அடியிலேயே இருக்கும். 12 மீட்டர் நீளப் பேருந்திலோ அது நம் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறது. ஆகவே, சந்திப்பில் திரும்பும்போது, 'போதும், இனித் திருப்பு' என்று கை பரபரக்கிற அந்த இடத்தில் திருப்பாமல், நம் உடல் மட்டும் எதிர்ச்சாலையின் நடுவே போய் நிற்பதுபோலத் தோன்றும்வரை நேராகவே ஓட்டிச் சென்று, பிறகுதான் ஸ்டியரிங்கைச் சுற்ற வேண்டும். வண்டியின் மூக்கு நடைபாதைப் புல்லின்மேல் நீண்டிருக்க, சக்கரம் மட்டும் தாரில் உருண்டுகொண்டிருக்கும். முதல் வாரம் முழுவதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

"தம்பி, கையை நம்பாதீங்க, கண்ணாடியை நம்புங்க" என்பார் பயிற்றுநர். பொங்கோலில் குடியிருக்கும், ஓய்வுபெறும் வயதை நெருங்கிய தமிழர் அவர். பாதி நிரம்பிய தண்ணீர்ப் புட்டி ஒன்றைத் தன் காலருகே தரையில் நிறுத்தி வைத்திருப்பார். அது சாய்ந்தால் திட்டமாட்டார். "தேக்காவுக்குப் போற பாட்டி விழுந்துட்டாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, புட்டியை எடுத்து மறுபடி நிறுத்துவார். முதல் நாளில் நான் விழவைத்த பாட்டிகள் ஒன்பது பேர். பிரேக்கை முன்கூட்டியே மெதுவாக அழுத்தத் தொடங்கி, வண்டி நிற்பதற்கு முந்தைய கடைசி நொடியில் காலைச் சற்றே தளர்த்தினால் அந்த உலுக்கல் வராது என்பது எனக்குப் பிடிபடவே பத்து நாள் ஆயிற்று.

முதல் தேர்வில் தோற்றேன். இடப்பக்கத் திருப்பத்தில் கார் பழக்கம் தலைதூக்கியதால் ஓரத்தை ஒட்டித் திருப்பிவிட்டேன். திருப்பத்தின் உட்புறத்திலுள்ள பின் சக்கரம், முன் சக்கரம் போன தடத்தைவிட இன்னும் உள்ளே தள்ளித்தான் வரும் என்பது அந்தக் கணத்தில் மறந்துபோயிற்று. இடப்புறக் கண்ணாடியில் அந்தச் சக்கரம் நிதானமாகச் சாலையோரத் திட்டின்மேல் ஏறி இறங்கியதை நானே பார்த்தேன். திட்டில் ஏறினால் அங்கேயே தோல்வி. தேர்வாளர் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டார். இருபத்திரண்டு ஆண்டுகள் ஓட்டிய அனுபவத்தை நேர்முகத்தில் பெருமையாகச் சொல்லியிருந்தேன். புதிதாய் ஓட்டக் கற்ற இளைஞன் என்னோடு சேர்ந்து பயின்று, முதல் முறையிலேயே தேறிவிட்டான். மறப்பதற்கு அவனிடம் அதிகம் இல்லை போலும்.

இரண்டாம் முறை தேறினேன். வாரங்கள் கழித்து ஒரு விடுப்பு நாளில், மச்சானுக்கு உதவியாக அதே வேனை எடுத்துக்கொண்டு டன்லப் ஸ்ட்ரீட்டுக்குள் திரும்பியபோது, பேருந்துப் பழக்கத்தில் திருப்பாமல் நேராகவே போய்க்கொண்டிருந்தேன். எதிரே கடைச்சுவர் நெருங்கியதும் பக்கத்து இருக்கையிலிருந்து மச்சான் அலறினார்: "மாமா, இது என் வேன்!"