கூட யார் இருந்தார்கள்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருக்கிறேன். என் அறைக்கு அனுப்பப்படும் பிள்ளை, அதற்கு முன்பே இரண்டு மூன்று பெரியவர்களிடம் ஒரே கேள்விக்கு ஒரே பதிலைச் சொல்லிவிட்டுத்தான் வரும். "ஏன் அப்படிச் செஞ்சே?" "தெரியலை." ஆசிரியர்கள் இதைத் திமிர் என்கிறார்கள், பெற்றோர் பொய் என்கிறார்கள். பெரும்பாலும் அது உண்மை என்றுதான் நான் பார்த்தவரை சொல்வேன்.

தீபாவளிக்கு இங்கே அரசு விடுமுறை கிடையாது. ஆனாலும் சில நாள் முன்பிருந்தே தெருவில் வெடிச் சத்தம் கேட்க ஆரம்பித்துவிடும். அப்படி ஒரு வாரத்தில், பதினைந்து வயதுப் பையன் ஒருவன் பள்ளி மாடிப்படியில் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டான். கீழே வந்துகொண்டிருந்த சின்ன வகுப்புப் பெண்ணின் சாக்ஸ் பொசுங்கியது. நல்லவேளை, லேசான காயத்தோடு போயிற்று. பையன் படிப்பில் கெட்டி. ஆபத்தான காரியத்தில் இறங்கும் முன் என்னவெல்லாம் யோசிக்க வேண்டும் என்று லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்தின் தேர்வில் ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவன். அவனுடைய ஆசிரியை அந்த விடைத்தாளை என் மேஜைமேல் வைத்து, "எல்லாம் தெரிஞ்ச பிள்ளை. வேணும்னேதான் செஞ்சிருக்கான்" என்றார்.

இந்தக் கணக்குதான் எனக்கு உதைக்கிறது. இந்தியா உட்பட 11 நாடுகளில், 10 முதல் 30 வயது வரையுள்ள 5,000 பேருக்கு மேல் பரிசோதித்த ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அமைதியாக உட்கார்ந்து யோசிக்கும் திறன் 16 வயது வாக்கில் பெரியவர்கள் அளவுக்கு வந்துவிடுகிறது. ஆனால் ஆசையை அடக்குவதும் ஆபத்தைப் பார்த்து ஒதுங்குவதும் 18 தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கின்றன. தேர்வுத் தாளில் எழுதும் பையனுக்கும் படிக்கட்டில் நிற்கும் பையனுக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது.

இன்னொன்று, 2005-இல் உளவியல் ஆய்வாளர்கள் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பர்க்கும் செய்தது. கார் ஓட்டும் ஒரு கணினி விளையாட்டு. மஞ்சள் விளக்கு எரிந்த பிறகும் எவ்வளவு தூரம் வண்டியை விடுகிறார்கள் என்று பார்த்தார்கள். தனியாக ஆடியபோது வயதால் பெரிய வித்தியாசம் இல்லை. நண்பர்கள் பக்கத்தில் நின்றபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகள் மிகத் துணிந்து ஓட்டினார்கள், 24 தாண்டியவர்களோ அப்படியே இருந்தார்கள். இதே வழியில் 2011-இல் வந்த மூளை ஸ்கேன் ஆய்வில் நண்பர்கள் பக்கத்தில்கூட இல்லை, அடுத்த அறையிலிருந்து பார்த்தார்கள், அவ்வளவுதான். அதற்கே இளம் பிள்ளைகளின் மூளையில், பரிசு கிடைக்கும்போது விழிக்கும் பகுதி கூடுதலாக வேலை செய்தது.

எங்கள் நாட்டுச் சட்டம்கூட இதைப் பிரித்துத்தான் பார்க்கிறது. குற்றம் செய்த பிள்ளைக்கு 12 வயது ஆகி 14 ஆகவில்லை என்றால், சரி எது தவறு எது என்று அதற்குத் தெரியும் என்பதை மட்டும் நிரூபித்தால் போதாது. தெரிந்தபடி நடக்கிற திறன் இருந்தது என்பதையும் நிரூபிக்க வேண்டும். நீதிமன்றத்துக்குத் தெரிந்த இந்த வேறுபாடு பள்ளி ஆசிரியர் அறைக்கும் வந்து சேர வேண்டும் என்று நான் மன்றாடிக்கொண்டே இருக்கிறேன்.

சரி, பையன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்று ஆயா, அதாவது அவன் பாட்டி, வந்திருந்தார். ஆயாவுக்கு நல்ல தமிழ். உட்கார்ந்ததும், "ரெண்டு போடுங்கம்மா, சரியாயிடுவான்" என்றார். 1996-இல் வந்த சட்டப்படி பள்ளியில் அடிக்கக் கூடாது ஆயா என்றேன். 2019-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு, திருத்தத்தான் அடித்தேன் என்று வீட்டிலும் சொல்லித் தப்ப முடியாது என்றேன். அவருக்குச் சமாதானமாகவில்லை. கரும்புத் தோட்டத்தில் வளர்ந்த காலத்தில், ஓடுகிற கரும்பு வண்டியின் பின்னால் தொங்கிக் கரும்பு உருவி, வாத்தியாரிடம் அடி வாங்கிய கதையைச் சொன்னார்.

"அப்போ கூட யார் இருந்தாங்க ஆயா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அத்தை மகள், பெரியப்பா மகன்கள் என்று வரிசையாகப் பெயர்கள் வந்தன. பெரியப்பா மகன் ஒருவன் கை தட்டியதால்தான் தானும் ஏறினாராம். பையன் அதுவரை ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். இப்போது தலையைத் தூக்கினான். அப்புறம் அவனாகவே பேசினான். கூட இரண்டு பேர். ஒருவன் வெடி கொண்டுவந்தவன், இன்னொருவன் போனை உயர்த்திப் படம் பிடித்தவன். "போன் இல்லைன்னா அதைப் பையிலேயே வச்சிருப்பேன்" என்றான். ஏன் என்று கேட்டவர்கள் யாருக்கும் கிடைக்காத பதில் இது.

இது சாக்கு இல்லையா என்று சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். இல்லை. சுட்டது அவன் வெடிதான், தண்டனையும் உண்டு. ஆனால் அடுத்த முறை என்ன செய்வான் என்பதற்கு 'தெரியலை'யிலிருந்து வழி கிடைக்காது, போன் உயர்ந்த அந்த நொடியிலிருந்து கிடைக்கும். போன் எடுத்தால் நான் வேறு படியில் இறங்கிவிடுவேன் என்று அவனே ஒரு வழி சொன்னான். தைரியமாக மறுத்துப் பேசு என்பதைவிட இந்த வயதுக்கு இது நடக்கிற காரியம்.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்க அவனோடு மற்ற இருவரும் போக வேண்டும் என்றேன். படம் பிடித்தவன் வெடியைத் தொடக்கூட இல்லையே என்று பிரின்சிபால் தயங்கினார். அவன் கையில் என்ன இருந்தது என்று விளக்கினேன். மூன்று பேரும் சேர்ந்தே போனார்கள்.