நவோனா, ஆகஸ்ட்

ஆகஸ்ட் 1

வயிற்றில் குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குட நீர் குறைகிறது என்று அக்காவை இங்கே ரோமில் ஆஸ்பத்திரியில் வைத்திருக்கிறார்கள். பார்வையாளர் நேரம் மதியம் கொஞ்சம், சாயங்காலம் கொஞ்சம். நடுவில் இருக்கிற பொழுதை என்ன செய்வது?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. அம்மா காலையிலேயே கூப்பிட்டு, "ஆத்துல ரெண்டு பூவாவது போட்டுட்டு வாடி" என்றாள். டைபர் ஆறு உயரமான மதிலுக்குக் கீழே எங்கோ ஆழத்தில் ஓடுகிறது. இறங்கி ஏற இன்று தெம்பில்லை. பியாட்சா நவோனா சதுக்கத்துக்கு வந்துவிட்டேன். இங்கே நாலு ஆறு இருக்கிறது.

சிற்பி பெர்னினி வடிவமைத்து 1651இல் திறந்த நீரூற்று. நடுவில் குடைந்த பாறை, அதன் மேல் நெட்டுக்குத்தாக ஒரு தூண், சுற்றிலும் நாலு கண்டங்களின் நாலு நதிகள்: டான்யூப், நைல், கங்கை, தென் அமெரிக்காவின் பிளாட்டா. கங்கை என்றதும் என் கண் பெண்ணைத்தான் தேடியது. நாலு பேரும் ஆண்கள்! நம் கங்கை தாடி வைத்துக்கொண்டு, கையில் நீளமான துடுப்போடு சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். படகு போகிற ஆறு என்று காட்டுவதற்காம் அந்தத் துடுப்பு. செதுக்கியவர் கிளாட் பூசான். தலையில் நிலாவும் இல்லை, சிவனும் இல்லை.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால், அக்காவுக்கு இப்படி ஆனதற்கே அந்தத் தாடிதான் காரணம் என்பாள்.

பூ போடவில்லை. போட்டால் அபராதம் கேட்பார்களோ என்று பயம்.

ஆகஸ்ட் 4

ஸ்கேனில் பனிக்குட நீர் அளவு 6. வெள்ளிக்கிழமை 7 இருந்தது.

ஆகஸ்ட் 6

மூன்று லிட்டர் குடிக்கிறாள், கையில் டிரிப்ஸ் வேறு. எங்கேதான் போகிறது அவ்வளவு தண்ணீரும்? நர்ஸ் கையைக் கீழே தட்டிக் காட்டி "பியானோ, பியானோ" என்கிறார். மெல்ல, மெல்ல. அத்தான் தலையாட்டுகிறார். எனக்குத் தலையாட்ட வரவில்லை. 5க்குக் கீழே போனால் என்ன செய்வார்கள் என்று நேராகக் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார் மருத்துவர்.

இந்த ஊரில் தண்ணீருக்கா பஞ்சம்? தெருமுனைக்குத் தெருமுனை இரும்புக் குழாயில் இரவும் பகலும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கி.மு. 19இல் அக்ரிப்பா என்பவர் கட்டிய கால்வாய் ஒன்று, பெரும்பாலும் மண்ணுக்கு அடியிலேயே ஊருக்குள் வந்தது. நவோனாவின் ஊற்றுகளுக்கும் அந்தத் தண்ணீரைத்தான் கொண்டுவந்து விட்டார்கள்.

இதே ஆகஸ்ட் மாதத்தில், 1652 தொடங்கி 19ஆம் நூற்றாண்டு வரைக்கும், சனி ஞாயிறுகளில் ஊற்றுகளின் வடிகாலை அடைத்துவிடுவார்களாம். அப்போது தரை நடுவில் குழிந்து இருந்ததால் சதுக்கமே குளமாகிவிடும். பிரபுக்கள் குதிரை வண்டியோடு அதில் இறங்கி வட்டமடிப்பார்கள், பிள்ளைகள் கும்மாளம் போடுவார்கள். வெயிலுக்கு வேறு வழி இல்லாத காலம். வடிகாலை அடைத்தால் போதும், தண்ணீர் ஏறிவிடும். அவ்வளவு சுலபம்.

எதைப் படித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறேன்.

ஆகஸ்ட் 7

6.

ஆகஸ்ட் 8

இன்று எல்லார் மேலும் எரிச்சல். ஒரு கடையின் வெளி மேசையில் உட்கார்ந்து, விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு எழுந்துவிட்டேன். உள்ளே கவுண்டரில் நின்றபடி குடித்தால் சில்லறைக் காசு; வெளியே உட்கார்ந்தால் அதே காபிக்குப் பல மடங்கு. நாற்காலிக்குத்தான் விலை, ஊற்றுக்கு எதிரே போட்டிருந்தால் இன்னும் விலை. உள்ளூர்க்காரர்கள் நின்றபடியே இரண்டு மடக்கில் முடித்துவிட்டுப் போகிறார்கள். நானும் அப்படியே குடித்துவிட்டு வந்து கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். காசு கேட்காத இருக்கை.

இந்த ஊற்றுக்குக் காசு எங்கிருந்து வந்ததென்றால், ரொட்டி வரியிலிருந்து. போப் பத்தாம் இன்னசென்ட்டின் பம்ஃபிலி குடும்பத்து அரண்மனை இங்கேதான், இப்போது பிரேசில் தூதரகம். அவர் வீட்டு வாசலை அழகாக்க ஊரார் ரொட்டியில் கை வைத்தார்கள். சதுக்கத்தை ஒட்டிய சந்தில் பாஸ்கினோ என்ற சிதைந்த கிரேக்கச் சிலை நிற்கிறது. ஆட்சியாளர்களைத் திட்டி எழுதிய சீட்டுகளை அதில் ஒட்டுவது ரோமாபுரி வழக்கம். ஊற்றா கேட்டோம், ரொட்டி கொடு என்று அப்போதும் சீட்டு எழுதினார்கள். இன்றைக்கும் காகிதம் தொங்குகிறது.

என்னிடமும் ஒரு காகிதம் இருந்திருந்தால் அந்த வார்டு வாசல் காவலாளியைப் பற்றி எழுதி ஒட்டியிருப்பேன். ஐந்து நிமிடம் முன்னால் போனால் என்ன குடி முழுகிவிடும்?

ஆகஸ்ட் 10

நைலின் தலையில் துணி போர்த்தியிருக்கிறார்கள். அந்த ஆறு எங்கே பிறக்கிறது என்று அன்றைய ஐரோப்பாவுக்குத் தெரியாததால் முகத்தை மறைத்துவிட்டாராம் பெர்னினி. தெரியாததைத் தெரியாது என்றே காட்டியிருக்கிறார். எங்கள் மருத்துவர் "பார்க்கலாம்" என்கிறார்.

ஆகஸ்ட் 11

5.4. இனிமேல் அந்தத் தாளை நான் வாங்கிப் பார்க்கப் போவதில்லை.

ஆகஸ்ட் 12

வாங்கிப் பார்த்தேன். 7.1! அக்கா சிரித்தாள். அத்தான் வராந்தாவில் போய் மூக்கைச் சிந்திவிட்டு வந்தார். காலை சுற்றில் மருத்துவர் ஒன்றும் சொல்லாமல் கிளம்பி, கதவருகே திரும்பி நின்றுதான் எண்ணைச் சொன்னாராம்.

பெர்னினியும் இதைத்தான் செய்தார். ஊற்று முடிகிற சமயத்தில் போப் பார்க்க வருகிறார். தண்ணீர் எப்போது வரும் என்று கேட்கிறார். இன்னும் வேலை இருக்கிறது என்கிறார் இவர். போப் ஆசீர்வாதம் செய்துவிட்டுப் புறப்பட்டதும் பின்னால் தண்ணீர் பாய்கிற சத்தம். திரும்பி வந்த போப், என் ஆயுளைப் பத்து வருடம் கூட்டிவிட்டாய் என்றாராம். பெர்னினியின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிற கதை.

இன்று வெளி மேசையிலேயே உட்கார்ந்து, பெயர் போன அந்தக் கறுப்பு டார்டூஃபோ ஐஸ்கிரீமை முழுசாகத் தின்றேன். விலையைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 14

6.8. குறைந்துதான் இருக்கிறது, ஆனால் குறைந்தது என்று சொல்லக்கூடாதாம்.

ஒரு வழிகாட்டி உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்: எதிரே இருக்கும் சான்ட்அன்யேசே தேவாலயத்தை பெர்னினியின் எதிரி பொரோமினி கட்டினார், அது இடிந்து விழும் என்று பயந்துதான் பிளாட்டா கையைத் தூக்கியிருக்கிறார் என்று. கூட்டம் சிரித்தது. பொரோமினி அந்த வேலையை ஏற்றதே 1653இல். சிலை அதற்கு இரண்டு வருடம் முன்பே கையைத் தூக்கிவிட்டது. எழுந்து போய்ச் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் துடித்தேன். சொல்லவில்லை. எனக்கு என்ன.

ஆகஸ்ட் 15

ஃபெராகோஸ்தோ விடுமுறை. சந்துகளில் எல்லாக் கடைக்கும் ஷட்டர். சதுக்கத்தில் மட்டும் ஜேஜே என்று கூட்டம். ஸ்கேன் இன்று இல்லை. மருத்துவர்களுக்கும் விடுமுறை வேண்டியதுதான், இருந்தாலும்.

அம்மா: "ரெண்டு நாள் பொறுக்கட்டும், ஆவணி பிறந்துடும்." யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 16

நாளைக்கு எடுத்துப் போக: அக்காவின் தளர்ந்த நைட்டி, சார்ஜர், உப்பில்லாத பிஸ்கட், அத்தானுக்குச் சட்டை. காலை ஒன்பதுக்கு அளவு பார்க்கிறார்கள். பெரிய மருத்துவர் வருகிறாராம். மதியம் சதுக்கத்துக்குப் போக நேரம் இருந்தால் அங்கிருந்து எழுதுகிறேன்.