ராஜினாமா கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்

கம்பெனி நீட்டுகிற ராஜினாமா கடிதத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிட்டு வராதீர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் எல்லாரிடமும் இதைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

என் அத்தை மகனுக்குக் கொடுத்த கடிதத்தை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். ஒரே வரிதான், சொந்தக் காரணங்களுக்காக விலகிக்கொள்கிறேன் என்று. கீழே அவன் பெயரை அவர்களே தட்டச்சு செய்து, தேதிக்கும் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருந்தார்கள். நல்ல அப்ரைசல் வாங்கிக்கொண்டிருந்தவன். "நீங்களே விலகினால் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும், இல்லையென்றால் நாங்கள் நீக்க வேண்டியிருக்கும்" என்றார்களாம். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டான், அதுதான் சரி. மிரட்டி வாங்கிய ராஜினாமாவும் இங்கே வேலைநீக்கமாகவே கருதப்படும், ஆனால் மிரட்டினார்கள் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? யார் என்ன சொல்லிக் கேட்டார்கள் என்பதை அன்றைக்கே எச்ஆருக்கு மின்னஞ்சலில் எழுதிப் போடுங்கள்.

மேனேஜருக்கெல்லாம் வேலை நியமனச் சட்டம் கிடையாது என்று இன்னமும் சிலர் நினைக்கிறார்கள். அது பழைய கதை. 2019 ஏப்ரல் 1 முதல் இந்தச் சட்டம் மேனேஜர்களுக்கும் எக்ஸிகியூட்டிவ்களுக்கும் சம்பள வரம்பில்லாமல் பொருந்தும். வீட்டுப் பணிப்பெண்கள், கப்பல் மாலுமிகள், அரசு ஊழியர்கள் மட்டும் இதில் வரமாட்டார்கள். மேனேஜர்களை நோட்டீஸ் கொடுத்து நீக்கியிருந்தால், குறைந்தது 6 மாதம் அங்கே வேலை பார்த்திருந்தால்தான் முறையிட முடியும்.

எனக்கு ஆற்றாமையாக இருப்பது வேறொன்று. காரணமே சொல்லாமல், ஒப்பந்தப்படி நோட்டீஸ் கொடுத்து அனுப்பினால் அது முறையான நீக்கம் என்றே முதலில் எடுத்துக்கொள்கிறார்கள். பல வருடம் உழைத்தவருக்கு ஏன் என்றுகூடச் சொல்ல வேண்டாம் என்பது எனக்கு நியாயமாகவே படவில்லை. ஆனால் கம்பெனி ஒரு காரணத்தைச் சொல்லி, அது பொய் என்று நிரூபணமானால் அது தவறான நீக்கம். ஆள் குறைப்பு என்று அனுப்பிவிட்டு உடனே அதே வேலைக்கு வேறொருவரை எடுப்பது, வேலை சரியில்லை என்று சொல்லிவிட்டு அதற்கு ஒரு ஆதாரமும் காட்ட முடியாமல் நிற்பது, இதெல்லாம் அதில்தான் வரும். வயது, இனம், கர்ப்பம் போன்றவற்றைக் காரணமாக வைத்து நீக்குவதும், பாக்கிச் சம்பளம் கேட்டதற்காக நீக்குவதும் அப்படித்தான். அதனால் அப்ரைசல் கடிதம், பே ஸ்லிப், மேலாளர் பாராட்டி அனுப்பிய மெசேஜ் எல்லாவற்றையும் உங்கள் சொந்த போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் லேப்டாப்பைக் கடைசி நாளில் வாங்கிக்கொள்வார்கள், அப்புறம் கையில் ஒன்றும் இருக்காது.

நாள் கணக்குதான் பலரைக் கவிழ்க்கிறது. தவறான நீக்கத்துக்கு, கடைசி வேலை நாளிலிருந்து ஒரே மாதத்துக்குள், வேலைத் தகராறுகளைச் சமரசம் பேசித் தீர்க்கிற டாடெம் (TADM) அமைப்பில் முறையிட வேண்டும். சம்பள பாக்கிக்கு 6 மாதம் இருப்பதால் இதற்கும் அப்படித்தான் என்று உட்கார்ந்துவிடுகிறார்கள். முதலில் சமரசப் பேச்சு நடக்கும். அங்கே முடியாவிட்டால் நடுவர் மன்றத்துக்குப் போகலாம், அங்கே வக்கீல் கிடையாது, இரு தரப்பும் தாங்களே பேச வேண்டும். பொதுவாக 20,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை கோரலாம், தொழிற்சங்கம் வழியாக முத்தரப்புப் பேச்சுக்குப் போயிருந்தால் 30,000 வரை. மறுபடி வேலையில் சேர்க்கச் சொல்லியும் கேட்கலாம்.

ஒர்க் பெர்மிட்டில் இருக்கிற தம்பிகளுக்கு முதல் பயம் டிக்கெட். ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் ஊரில் அப்படியே நிற்க, நாளைக்கே விமானம் ஏற்றிவிடுவார்களோ என்று வாயைத் திறப்பதில்லை. முறையிட வேண்டியது இருந்தால் கிளம்பும் முன்பே மனிதவள அமைச்சிடம் சொல்லுங்கள், விசாரணை நடக்கும்போது இங்கே தங்க ஸ்பெஷல் பாஸ் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2 (TWC2), ஹோம் (HOME) மாதிரி வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவுகிற அமைப்புகளிடமும் உதவி கேட்கலாம். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாவிட்டால் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து தமிழில் விளக்கிச் சொல்கிறேன்.