நாய் தின்பது மீன், மெஷின் குடிப்பது காசு

பனியில் ஓடுகிற ஸ்னோமொபைல் ஒன்றின் பக்க மூடியைக் கழற்றிக் காட்டும் வீடியோ ஒன்று பார்த்தேன். உள்ளே இரண்டு கப்பி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். நம்ம ஸ்கூட்டியில் இருக்கிற அதே ஏற்பாடு. கியர் மாற்றுகிற வேலை இல்லை. எஞ்சின் வேகம் எடுக்க எடுக்க முன் கப்பி நெருங்கும், பெல்ட் மேலே ஏறும். பின் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர் பட்டி ஒன்று சுற்றுகிறது, முன்னால் இரண்டு சறுக்குப் பலகை. பழைய மெஷின்களில் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். இலங்கையில் ஹட்டன் பக்கம் பைக்கும் த்ரீவீலும் திருத்திக்கொண்டிருக்கிற என்னை ஒரு சாவி செட்டோடு அலாஸ்காவில் இறக்கிவிட்டாலும் பிழைத்துக்கொள்வேன் போலிருந்தது. குளிர் விட்டால்தானே!

பெல்ட் அறுந்தால் என்ன நடக்கும் என்பதில்தான் வித்தியாசம். இங்கே ஸ்கூட்டி நின்றால் போன் போடுவார்கள், நான் போய் ஏற்றிக்கொண்டு வருவேன். அங்கே ஊரைவிட்டு 80 கிலோமீற்றர் தள்ளி, மைனஸ் 30 பாகைக் குளிரில் மெஷின் நின்றால், உயிரோடு திரும்புவதே கேள்வி. அதனால் தூரம் போகிறவர்கள் இரண்டு மெஷினாகச் சேர்ந்து போவார்கள். மாற்று பெல்ட், பிளக், எண்ணெய் எல்லாம் கூடவே போகும்.

கராஜில் த்ரீவீலை விட்டுவிட்டு நின்ற தம்பி ஒருவரும் என்னோடு சேர்ந்து வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுக்கு ஏன் அண்ணே இவ்வளவு காசு செலவழிக்கிறாங்க? நாய் இழுக்கிற வண்டி இருக்கே. நாய்க்குப் பெற்றோல் வேணாமே" என்றார். 2022 தட்டுப்பாட்டில் பெற்றோல் ஷெட் வரிசையில் த்ரீவீலுக்குள்ளேயே படுத்து எழும்பியவர், வேறு எப்படிப் பேசுவார்.

ஆனால் நாய்க்கும் பெற்றோல் வேண்டும். வேட்டைக்கும் விறகுக்கும் வலைக்கும் போகிற குடும்பத்துக்கு எட்டுப் பத்து நாய்களாவது வேண்டும். நீண்ட பந்தயங்களில் ஓடும் ஒரு நாய் அந்தக் குளிரில் நாளுக்கு 10,000 கலோரி வரை எரிக்கும் என்கிறார்கள். வீட்டு வேலைக்கு ஓடும் நாய்க்கு அவ்வளவு வேண்டாம்தான், ஆனாலும் வயிறு வயிறுதான். அலாஸ்காவின் யூக்கோன் ஆற்றங்கரையில் சம் என்ற சல்மன் மீனைப் பிடித்து, பிளந்து, கம்பில் தொங்கவிட்டுக் காயவைத்து நாய்களுக்கென்றே சேர்த்துவைப்பார்கள். ஆர்க்டிக் கடலோரத்து இனுயிட் பழங்குடி மக்கள் சீல், வால்ரஸ் இறைச்சி போடுவார்கள். பனி உருகியபின் வண்டி ஓடாது, நாய் சும்மா கட்டிக் கிடக்கும். அப்போதும் தின்னும். ஸ்னோமொபைலைத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் கோடை முழுக்க ஒன்றும் கேட்காது. நாயை மூடிவைக்க முடியுமா?

சரி, அப்படியென்றால் நாய் எதற்கு? நாய்க்கு வழி தெரியும். வெள்ளைப் பனியும் வெள்ளை வானமும் ஒன்றாகி, கைநீட்டும் தூரம்கூடத் தெரியாத புயலில் முன்னே ஓடுகிற நாய் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்கும். பழகிய நாய் மெல்லிய பனிக்கட்டியில் கால்வைக்கத் தயங்கும். சீல் மூச்சு விடுகிற துளையை மோப்பத்தில் கண்டுபிடிக்கும், வெள்ளைக்கரடி நெருங்கினால் குரைக்கும். கட்டுகிற முறையிலேயே கணக்கு இருக்கிறது. மரம் இல்லாத கடற்பனியில் ஒவ்வொரு நாய்க்கும் தனித்தனிக் கயிறு; விசிறி விரித்தாற்போல் பரவி ஓடும், பாரமும் பரவும். காட்டுப் பாதையில் அது சரிவராது, சோடி சோடியாக ஒரே வரிசையில் பூட்டுவார்கள்.

இதை வாசித்தபோது என் தாய்மாமா ஞாபகம் வந்தார். தோட்டத்தில் இராக்காவல் வாட்சராக இருந்தவர். அவரோடு போகிற நாயின் பெயர் டைகர். சிறுத்தை வாடை அடித்தால் மாமாவின் காலுக்குள் நுழைந்துகொள்ளும். ஒரு மழைநாள் இரவு, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குக் கீழே போகிற பாதையில் டைகர் உட்கார்ந்துவிட்டது. மாமா அதட்டினார், இழுத்தார், ஒரு தட்டும் தட்டினார். எழும்பவில்லை. சிறுத்தைதான் என்று நினைத்து அவர் மேற்பாதையால் சுற்றிப் போனார். விடிந்து பார்த்தால் கீழ்ப்பாதையில் பாதி, தேயிலைச் செடிகளோடு சேர்ந்து ஆற்றுப் பக்கம் இறங்கியிருந்தது. டைகருக்கு என்ன கேட்டதோ. நான் திருத்துகிற எந்த பைக்கும் அப்படி உட்கார்ந்து அடம்பிடித்ததில்லை. அடம்பிடித்தால் பிளக்கில் கரி பிடித்திருக்கும், அவ்வளவுதான்.

இவ்வளவு தெரிந்த நாயை விட்டுவிட்டு அந்த மக்கள் ஏன் மெஷினுக்குப் போனார்கள்? வேகம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். வேகமும் சின்ன விஷயம் இல்லை. கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக்கின் சின்ன மகன், 1934 குளிர்காலத்தில் பனி மூடிய பாதையால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக முடியாமல் இறந்துபோனான். மனிதர் பிறகு பனியில் ஓடும் பெரிய வண்டிகளைச் செய்து விற்றார். 1959இல் அவருடைய சின்ன மெஷினான ஸ்கீ-டூ சந்தைக்கு வந்தது. நோயாளியைக் கம்பளியில் கட்டி ரோட்டுவரை தூக்கிச் சென்றவர்கள் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களிடம் போய் வேகம் எதற்கு என்று நான் கேட்கமாட்டேன்.

ஆனால் நாயும் அந்த வேலையைச் செய்திருக்கிறது. 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டிக்காரர்களும் சுமார் 150 நாய்களும் கைமாற்றிக் கைமாற்றி, 1,000 கிலோமீற்றருக்கு மேல், ஐந்தரை நாளில் மருந்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அமெரிக்கத் தபால் கடைசியாக நாய் வண்டியில் போனது 1963இல், சவூங்கா என்ற தீவுக் கிராமத்துக்கு. கனடாவின் பொலிஸார் நாய் வண்டி ரோந்தை 1969இல் நிறுத்தினார்கள். ஸ்கீ-டூ வந்து பத்தே வருடம்.

வேகத்தைவிடப் பெரிய காரணம் வேறு என்பது என் எண்ணம். வேட்டை இருக்கும் இடத்துக்கு நகர்ந்து நகர்ந்து வாழ்ந்தவர்களைப் பள்ளிக்கூடம், மருந்து, வீடு என்று சொல்லி ஒரே ஊரில் குடியேற்றினார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போக வேண்டும், அப்பா சம்பள வேலைக்குப் போக வேண்டும். வேட்டைக் காடு இப்போது தூரம். சனி, ஞாயிறுக்குள் போய்த் திரும்ப நாய்க்கு முடியாது, மெஷினுக்கு முடியும். ஆளை ஓரிடத்தில் நிறுத்தியபிறகு நாய்க்கு என்ன வேலை? தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவனுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

எல்லோரும் விரும்பித்தான் மாறினார்கள் என்றும் சொல்ல முடியாது. கனடாவின் கிழக்கு ஆர்க்டிக்கில் 1950களிலிருந்து 1970கள் வரை, ஊருக்குள் கட்டாமல் திரிந்தன என்று சொல்லி இனுயிட் மக்களின் நாய்களைப் பொலிஸார் சுட்டார்கள். கட்டாமல் வளர்ப்பதுதான் அந்த மக்களின் வழக்கம். நாய் போனவனுக்கு வேட்டையும் போனது. மெஷின் வாங்கக் காசும் கையில் இல்லை. அந்தப் பகுதி இனுயிட் சங்கம் அமைத்த கிகிக்தானி உண்மை ஆணைக்குழு இதையெல்லாம் விசாரித்து 2010இல் அறிக்கை கொடுத்தது. கனடா அரசு 2019இல் மன்னிப்புக் கேட்டது.

காசு என்றதும் பின்லாந்தின் ஸ்கோல்ட் சாமி என்ற பழங்குடி மக்களையும் சொல்ல வேண்டும். அவர்களிடம் நாய் வண்டி இல்லை, கலைமான் வண்டி. 1960களில் ஸ்னோமொபைல் வந்த சில வருடங்களிலேயே மந்தை மேய்ப்பதே மெஷின் வேலையாகிவிட்டது. பெர்ட்டி பெல்ட்டோ என்ற மானிடவியலாளர் அங்கே தங்கி இதை ஆராய்ந்தார். மெஷினும் பெற்றோலும் வாங்க முடிந்தவர்கள் மந்தையோடு நின்றார்கள். முடியாத பலர் மேய்ச்சல் தொழிலையே விட்டார்கள். கலைமான் பாசியைத் தோண்டித் தின்னும். மெஷின் காசைத் தின்னும்.

இந்தப் பாடத்தை இலங்கையில் நாங்கள் கற்றது 2022இல். ஜூன் கடைசியில் தனியார் வாகனங்களுக்குப் பெற்றோலே கிடையாது என்றார்கள். பிறகு கியூஆர் கோட் காட்டி அளவாக வாங்கும் முறை வந்தது. த்ரீவீலுக்கு வாரம் 5 லீற்றர், பைக்குக்கு 4. கராஜில் ஒரு கோளாறும் இல்லாத வண்டிகள் வரிசையாக நின்றன. திருத்த ஒன்றுமே இல்லை, ஊற்றத்தான் இல்லை. மரக்கறி ஏற்றுகிறவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றுகிறவர் எல்லோருடைய பிழைப்பும் எங்கேயோ கடலில் நிற்கிற கப்பலில் இருந்தது.

அதனால் நாயா மெஷினா என்று கேட்கிறவர்களிடம், சாப்பாடு யார் கையில் என்று நான் திருப்பிக் கேட்பேன். நாயின் சாப்பாட்டை அந்தக் குடும்பமே ஆற்றிலும் கடலிலும் எடுத்தது. நாய்தான் புனிதம் என்று இதை வைத்துக் கிளம்பிவிடவும் வேண்டாம். யூக்கோன் ஆற்றில் 2020இல் சம் மீன் வரத்து விழுந்தது. 2021இல் குடும்பத் தேவைக்குப் பிடிப்பதையும் நிறுத்தினார்கள். நாய் வைத்திருந்தவர்கள் கடைத் தீனிக்குக் காசு தேட வேண்டியதாயிற்று. அவர்களுடைய ஷெட்டும் மூடியது.

நாயைக் கைவிடாத இடம் கிரீன்லாந்து. ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கேயும் கிழக்குக் கரையிலும் தங்கள் ஊர் நாய் இனத்தைத் தவிர வேறு நாய்க்கு அனுமதி இல்லை. ஆளில்லாத வடகிழக்கில் டென்மார்க்கின் சிரியஸ் படை இன்றைக்கும் நாய் வண்டியில்தான் ரோந்து போகிறது. பெற்றோல் ஷெட் இல்லாத இடத்தில் அதுதான் புத்தி. கிரீன்லாந்திலும் நாய்கள் குறைந்துகொண்டுதான் வருகின்றன. அலாஸ்காவில் ஜோ ரெடிங்டன் என்பவர், கிராமங்களில் மெஷின் வந்து நாய்கள் மறைவதைப் பார்த்துவிட்டு, நோம் வரைக்குமான இடிடரோட் பந்தயத்தை 1973இல் தொடங்கினார். பந்தயம் நாயைக் காப்பாற்றியது உண்மை. ஆனால் வலைக்கும் விறகுக்கும் போன நாயும் பரிசுக்கு ஓடும் நாயும் ஒன்று என்று என்னால் சொல்ல முடியவில்லை.

நானாக இருந்தால் மெஷின்தான் எடுப்பேன். பத்து நாய்க்கு மீன் காயவைக்கிற பொறுமை எனக்குக் கிடையாது, வீட்டில் பூனைக்கு மீன் வாங்குவதற்கே சண்டை. ஆனால் தனியாக ஒருபோதும் போகமாட்டேன்.

தம்பி விடவில்லை. "அப்ப கரண்டுல ஓடுற ஸ்னோமொபைல் எடுத்தா பிரச்சினையே இல்லையே அண்ணே?" என்றார். அப்படி மெஷின்கள் வந்திருக்கின்றன. குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், அது ஒன்று. அப்புறம், கனடாவின் நூனாவுட் ஊர்களுக்கு மின்சாரம் வருவது டீசல் ஜெனரேட்டரிலிருந்து. அந்த டீசலைப் பனி உருகும் கோடையில்தான் கப்பல் கொண்டுவந்து இறக்குகிறது.