மெல்லிய ஸ்லைஸ் கேட்டு அலைந்த கதை

தொடை எலும்புக்குள் செயற்கை இடுப்பு மூட்டின் தண்டைப் பொருத்தி, நடக்கும்போது எலும்பில் தகைவு (ஸ்ட்ரெஸ்) எப்படிப் பரவுகிறது என்று கணினியில் பார்ப்பதுதான் என் எம்.இ. ப்ராஜெக்ட். எலும்பைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் மெஷ், தண்டும் எலும்பும் தொடும் காண்டாக்ட், கணக்கைத் தீர்க்கும் சால்வர் என்று பயமுறுத்தியவர்கள் நிறையப் பேர். எலும்பின் வடிவத்துக்கு வேண்டிய சி.டி. ஸ்கேனை வாங்குவது பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

முதலில் ஆய்வுக்கு அனுமதி தரும் எத்திக்ஸ் கமிட்டி. அலுவலகத்தில் இருந்தவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, "தமிழ்ல சம்மதப் படிவம் எங்கப்பா?" என்றார். பழைய ஸ்கேன்தான், பெயர் நீக்கித்தான் வாங்கப் போகிறோம், நோயாளியைப் பார்க்கவே போவதில்லை என்றேன். "ஃபார்ம் இல்லாம ஃபைல் உள்ள போகாது." கமிட்டியின் அந்தக் கூட்டம் அப்படியே கைநழுவிப் போனது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளில், அடையாளம் நீக்கிய தரவுக்குச் சம்மத விலக்கு கேட்க இடம் இருக்கிறது. ஆனால் நாம்தான் எழுதிக் கேட்க வேண்டும், முடிவு கமிட்டியுடையது. அந்தக் கடிதத்தை விண்ணப்பத்தோடேயே வையுங்கள்.

அனுமதி வந்து, தந்த டிவிடியைத் திறந்தால் எல்லாம் ஜேபிஜி! எலும்பின் அடர்த்தியையும் அதிலிருந்து விறைப்பையும் ஒவ்வொரு புள்ளியிலும் எக்ஸ் கதிர் எவ்வளவு தடுக்கப்பட்டது என்று சொல்லும் ஹவுன்ஸ்ஃபீல்டு எண்களை வைத்துத்தான் கணக்கிட முடியும். ஜேபிஜியில் அந்த எண்கள் இருக்காது. அந்த எண்களோடு வரும் மருத்துவப் படக் கோப்பான டைகாம் வேண்டும் என்றேன். "படம் தெளிவாத்தானே இருக்கு?" என்றார் டெக்னீஷியன்.

ஒருவழியாக டைகாம் வந்தது, ஆனால் ஸ்லைஸ், அதாவது ஒவ்வொரு குறுக்குவெட்டுப் படத்தின் தடிமன் 5 மி.மீ. படங்களை முப்பரிமாணமாக்கும் த்ரீடி ஸ்லைசர் மென்பொருளில் ஏற்றினால் உருண்டையாக இருக்க வேண்டிய எலும்புத் தலை படிக்கட்டு மாதிரி நின்றது, இடுப்புக் கிண்ணத்தோடும் ஒட்டிக்கொண்டது. மெல்லிய ஸ்லைஸ் மெஷினில் கொஞ்ச நாள்தான் இருக்குமாம், இடம் நிரம்பினால் அழித்துவிடுவார்களாம். போதாததற்கு, ஸ்கேன் தொடை எலும்பின் மேல்பகுதியில் உள்புறம் துருத்தும் சிறு முண்டுக்குச் சற்றுக் கீழேயே முடிந்திருந்தது. தண்டின் நுனி இருக்கும் இடத்தில் எலும்பே இல்லை.

என்னைக் காப்பாற்றியது கதிரியக்கத் துறையில் மேற்படிப்பு படிக்கும் ஒரு டாக்டர். "இடுப்பு ஸ்கேனை ஏன் தேடுறீங்க? கால் ரத்தக்குழாய் சி.டி. ஆஞ்சியோ கேளுங்க" என்றார். வயிற்றிலிருந்து பாதம் வரை, மெல்லிய ஸ்லைஸில், முழுத் தொடை எலும்பும் அதில் இருக்கிறது! ரத்தக்குழாய் தெரிய ஏற்றும் கான்ட்ராஸ்ட் மருந்தால் ஹவுன்ஸ்ஃபீல்டு எண் கொஞ்சம் மாறலாம், அதை அறிக்கையில் எழுதிவிட வேண்டும். ஸ்கேனைப் படமாக்கும் கணக்கு முறைக்குக் கெர்னல் என்று பெயர்; எலும்புக்கான போன் கெர்னலை மட்டும் வாங்கி நிறுத்திவிடாதீர்கள். விளிம்பு கூர்மையாக வரும், ஆனால் எண்களை நம்ப முடியாது. சாதாரண கெர்னலும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, டைகாம் ஹெடரில் (கோப்பின் தகவல் பகுதியில்) பெயரை நீக்கினால் போதாது. கதிர்வீச்சு அளவைச் சொல்லும் டோஸ் ரிப்போர்ட் ஒரு படமாக உள்ளே இருக்கும், அதில் நோயாளி பெயர் படத்திலேயே பதிந்திருக்கலாம்.

அதற்கப்புறம் படத்திலிருந்து எலும்பைப் பிரித்தெடுக்கும் செக்மென்டேஷன், மெஷ் எல்லாம் பெரிய தொல்லை இல்லாமல் நடந்தன. எலும்பின் வடிவத்தைச் சேமிக்கும் எஸ்டிஎல் கோப்பில் அலகு கிடையாது, மில்லிமீட்டரை மென்பொருள் மீட்டராக எடுத்துக்கொண்டால் அரை கிலோமீட்டருக்குத் தொடை எலும்பு கிடைக்கும், அதை மட்டும் பாருங்கள். சுமைக்கு பெர்லினின் ஆர்த்தோலோட் தரவு இலவசம். நோயாளிகளுக்குள் சென்சார் வைத்த மூட்டுகளைப் பொருத்தி அளந்தது. நடக்கையில் உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு இடுப்பில் இறங்குகிறது. விறைப்பைச் சொல்லும் மீட்சிக் குணகம், தண்டின் உலோகம் டைட்டானியக் கலவை என்றால் 110 ஜிகாபாஸ்கல், கோபால்ட் குரோமுக்கு 200க்கு மேல், எலும்பின் கெட்டியான வெளிப்பகுதியான புறணி எலும்புக்கு 17 அளவில். விறைப்பான தண்டு சுமையைத் தானே வாங்கிக்கொண்டு எலும்பைச் சும்மா விட்டுவிடுகிறது என்பது என் படங்களிலும் தெரிந்தது.

வைவாவில் வெளியிலிருந்து வந்த தேர்வாளரான எக்ஸ்டர்னல் நேராக எலும்பின் எண்களில்தான் கை வைத்தார். "கேலிப்ரேஷன் ஃபேன்டம் வெச்சு ஸ்கேன் எடுத்தீங்களா?" ஹவுன்ஸ்ஃபீல்டு எண்ணை அடர்த்தியாக மாற்ற, அடர்த்தி தெரிந்த மாதிரிப் பொருளை நோயாளியோடு சேர்த்து ஸ்கேன் செய்வார்கள், அதுதான் ஃபேன்டம். இல்லை, பழைய ஸ்கேனுக்கு அதற்கு எங்கே போவது? எலும்பின் மீட்சிக் குணகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டி, எந்த உலோகம் எலும்பை அதிகம் சும்மா விடுகிறது என்ற வரிசை மாறவில்லை என்று ஒரு கிராஃப் வைத்திருந்தேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்து, எலும்பை அடியில் பிடித்து நிறுத்திய விளிம்பில் மெஷ்ஷைச் சிறிதாக்க ஆக்க ஏறிக்கொண்டே போகும் பொய்யான தகைவைப் பற்றிக் கேட்டார். அந்த எண்ணை எங்கேயும் எடுக்கவில்லை, விளிம்பிலிருந்து தள்ளியிருக்கும் திரிபைத்தான் (எலும்பு உருமாறும் அளவை) ஒப்பிட்டேன் என்றேன். "சரி, அடுத்த ஸ்லைடு" என்றார்.