தமிழ்நாடும் கேரளமும்: ஒப்பீட்டுக் கேள்விக்கு நான் படித்த விதம்

எனக்கு ஊர் செங்கோட்டை. மொட்டை மாடியில் நின்றால் மேற்கே மலை, மலைக்கு அந்தப் பக்கம் கேரளம். எங்கள் ஆச்சி பிறந்தபோது ஊர் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி மாநிலங்களைப் பிரித்தபோதுதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அப்படிப்பட்ட ஊரில் வளர்ந்த நான், அரசுப் பணிக்கான குரூப் 1 மெயின்ஸ் தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்த வருடம், "தமிழ்நாட்டையும் கேரளத்தையும் ஒப்பிடுக" என்ற மாதிரிக் கேள்விக்கு 15-க்கு 4 மார்க் வாங்கினேன்.

எழுதியதில் தவறான தகவல் ஒன்றுகூட இல்லை. தாளை இரண்டு பத்தியாகப் பிரித்து, இந்தப் பக்கம் பரதநாட்டியம், அந்தப் பக்கம் கதகளி. இங்கே 38 மாவட்டம், அங்கே 14 மாவட்டம். இங்கே நெல், அங்கே ரப்பர் என்று நிரப்பியிருந்தேன். கடைசியில், "இரு மாநிலங்களும் தொன்மையான பண்பாடும் இயற்கை வளமும் மிக்கவை" என்று முடித்திருந்தேன். எங்கள் படிப்பு வட்டத்தில் தாள் திருத்தியவர், ஏற்கெனவே தேர்வில் வென்று வேலையில் இருந்த ஓர் அக்கா. அந்தக் கடைசி வரியில் விரலை வைத்து, "தம்பி, இதுல பேரை மட்டும் மாத்திப் போட்டா ஒடிசாவுக்கும் வங்காளத்துக்கும்கூடப் பொருந்துமே?" என்றார். இன்றும் ஒப்பீட்டு விடை எதை எழுதினாலும் வரிக்கு வரி இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறேன். பெயரை மாற்றினாலும் நிற்கிற வரி என்றால் அடித்துவிடுகிறேன்.

சரி, அதற்குப் பதில் எதை எழுதுவது? இரண்டு மாநிலங்களையும் வேறுபடுத்துகிற ஒரே ஒரு காரணத்தைப் பிடித்து, மற்றதையெல்லாம் அதில் கோக்க வேண்டும். தமிழ்நாடு, கேரளம் என்றால் அந்தக் காரணம் மலை. ஒரு வெள்ளைத் தாளில் மேற்குத் தொடர்ச்சி மலையை மட்டும் கோடாக வரைந்தேன். அதில் பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய மூன்று கணவாய்களையும் இடைவெளியாக விட்டேன். பாலக்காட்டுக் கணவாய்தான் இவற்றில் அகலமானது. அதற்கு வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை. ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து வந்து மலையில் மோதி, மழையை அந்தப் பக்கமே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. கேரளத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 3,000 மி.மீ. அளவுக்கு மழை. நமக்கு 1,000 மி.மீ. கூட இல்லை, அதிலும் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை தருவது. கணவாய் இருக்கிற இடத்தில் கொஞ்சம் சாரல் நம் பக்கம் கசிகிறது. குற்றால சீசன் என்று ஊரே கூடுகிறதே, அது இதனால்தான்.

இதிலிருந்து ஒன்று கவனித்தேன், எந்த நோட்ஸிலும் எனக்குக் கிடைக்காத ஒன்று. அதே காற்றுதான் மலைக்கு அந்தப் பக்கம் மழையாக விழுந்து, இடுக்கியில் 780 மெகாவாட் நீர்மின் நிலையத்தை ஓட்டுகிறது. இந்தப் பக்கம் மழையை இழந்த வெறுங்காற்றாகக் கணவாய் வழியே பாய்ந்து, ஆரல்வாய்மொழியிலும் உடுமலை பக்கமும் காற்றாலைகளைச் சுற்றுகிறது. ஒரே காற்று, இரண்டு விதமான மின்சாரம். இப்படி ஒரு வாக்கியம் எழுதினால் புவியியலும் பொருளாதாரமும் ஒரே மூச்சில் வந்துவிடும்.

பண்பாட்டையும் இதே கோட்டில் கொண்டுவரலாமா என்று யோசித்தேன். முதலில் கண்ணில் பட்டது கோயில் கூரை. அடைமழை பெய்கிற ஊரில் சரிந்த கூரையும், அதன்மேல் ஓடோ செப்புத் தகடோ வேண்டும். நம் பக்கம் கருங்கல் மண்டபமும் வானத்தைப் பார்த்த கோபுரமும் போதும். அப்புறம் மாதங்கள். இரண்டு பக்கமும் சூரியக் கணக்குதான். நாம் மாதத்துக்கு நட்சத்திரத்தை ஒட்டிப் பெயர் வைத்தோம். அவர்கள் ராசியின் பெயரை வைத்தார்கள். நம் சித்திரைதான் அவர்களுக்கு மேடம், நம் ஆவணிதான் சிங்ஙம். நம் ஆடிதான் அவர்களுடைய கர்க்கடகம். இந்த ஒரு மாதத்தை மட்டும் எடுத்துப் பாருங்கள். மலையாளிகளுக்கு அது அடைமழைக் காலம். வேலை குறைந்து, கையிருப்பு தீர்ந்து போகிற பஞ்ச மாதம். வீட்டில் ராமாயணம் வாசிப்பார்கள், மருந்துக் கஞ்சி குடிப்பார்கள். நமக்கோ "ஆடிப்பட்டம் தேடி விதை". அந்தப் பக்கம் பெய்த மழையில் ஆறு பெருகி வருகிற மாதம், பதினெட்டாம் பெருக்கு. ஒரே முப்பது நாளை ஒரு பக்கம் வீட்டுக்குள்ளும் மறுபக்கம் வயலிலும் ஆற்றங்கரையிலும் கழிக்கிறார்கள். கதகளி, பரதம் என்று பெயர் அடுக்குவதைவிட இந்த மாதிரி ஓர் எடுத்துக்காட்டு எவ்வளவோ மேல் என்று நம்புகிறேன்.

எண்களை நான் ஒதுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஆண்டைக் குறித்துக்கொண்டேன். 2021-இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால் 2011 எண்களைத்தான் நம்ப வேண்டியிருந்தது. 2011-இல் கேரளத்தில் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 860 பேர், தமிழ்நாட்டில் 555 பேர். எழுத்தறிவு அங்கே 94 சதவீதம், இங்கே 80. பரப்பிலோ தமிழ்நாடு கேரளத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் பொருளாதாரம் தானாக வரும். கேரளத்தில் நிலம் குறைவு, ஆட்கள் அதிகம், பெரும்பாலோர் படித்தவர்கள். இருக்கிற நிலத்தில் ரப்பர், ஏலம், மிளகு என்று பணப்பயிர் வைத்தார்கள். ஆட்கள் 1970-களிலிருந்து பெரும் எண்ணிக்கையில் வளைகுடாவுக்குப் போனார்கள். அந்தச் சின்ன மாநிலத்தில் நான்கு பன்னாட்டு விமான நிலையங்கள் ஏன் என்பதற்கு விடை இதில் இருக்கிறது. இங்கே சமவெளி அகலம், ஊர்கள் விலகி இருக்கின்றன. திருப்பூர், கோவை, ஓசூர், சிவகாசி, ஸ்ரீபெரும்புதூர் என்று தொழில் பரவியது. தொழிற்சாலை எண்ணிக்கையில் நாட்டிலேயே முன்னால் நிற்பது தமிழ்நாடு.

ஆனால் எல்லாவற்றுக்கும் மலைதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தவறையும் நான் செய்தேன். கேரளத்தின் எழுத்தறிவுக்கு மழை காரணமில்லை. கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817-இல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாயி ஆணையிட்டார். மிஷனரிப் பள்ளிகள் வந்தன. சாதி ஒடுக்குமுறையை எதிர்த்த நாராயண குருவும் அய்யன்காளியும் வந்தார்கள். நம் பக்கம் நீதிக்கட்சி, பெரியார், 1956-இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவு. இரண்டு பாதையும் ஓர் இடத்தில் சந்தித்ததும் உண்டு. 1924-இல் வைக்கத்தில் கோயில் தெருவில் நடக்கும் உரிமைக்காகப் போராட்டம் நடந்தபோது, இங்கிருந்து போய்ச் சிறைக்குச் சென்றவர் பெரியார். ஒப்பீட்டு விடையில் வேற்றுமையை மட்டும் எழுதினால் பாதிதான் எழுதியதாக ஆகும்.

மாநிலச் சராசரி எங்கே பொய்க்கிறது என்று பார்ப்பது எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2011-இல் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். ரப்பர் விளைகிறது, இரண்டு பருவமழையும் பெய்கிறது, வீடுகள் தோப்புக்குள் தள்ளித் தள்ளி இருக்கின்றன. அது மலையின் மேற்குப் பக்கத்து நிலம், பழைய திருவிதாங்கூர். பாலக்காடோ கேரளத்தில் எழுத்தறிவு குறைந்த மாவட்டங்களில் ஒன்று, அந்த மாநிலத்தின் நெற்களஞ்சியம், கல்பாத்தி அக்ரஹாரமும் தமிழ்ப் பேச்சும் உள்ள ஊர். அதன் பெரும்பகுதி 1956 வரை சென்னை மாநிலத்து மலபார் மாவட்டத்தில் இருந்தது. எல்லைக்கு எல்லை எண் மாறுவதில்லை, மண்ணும் வரலாறும் மாறுகிற இடத்தில் மாறுகிறது என்பதை இந்த இரண்டு மாவட்டமும் காட்டிவிடும். நானே ஒரு நாள் செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ரயிலில் போய்ப் பார்த்தேன். 1904-இல் போட்ட பாதை, இப்போது அகலப்பாதை. சுரங்கத்தைத் தாண்டியதும் பச்சையின் நிறமே மாறுகிறது. முடிந்தால் நீங்களும் ஒரு முறை போய் வாருங்கள். முடியாவிட்டால் எல்லையில் உள்ள புளியரை சோதனைச் சாவடியில் ஒரு மணி நேரம் நில்லுங்கள். பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி மலையேறுவதைப் பார்ப்பீர்கள்.

ஆறுகளைப் பற்றி எழுதும்போது மட்டும் கையை அடக்க வேண்டும். கேரளத்தில் 44 ஆறுகள். 41 மேற்கே ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு மூன்றும் கிழக்கே வருகின்றன. பவானி நீலகிரியில் பிறந்து கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய்த் திரும்ப நம்மிடம் வருகிறது. முல்லைப் பெரியாறு அணை 1895-இல் கட்டி முடிந்தது. இருக்கும் இடம் கேரளம், இயக்குவது தமிழ்நாடு. 1886 ஒப்பந்தப்படி 999 ஆண்டுக் குத்தகை. 142 அடி வரை தேக்கலாம் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தத் தண்ணீரை நம்பும் தேனி, மதுரை, ராமநாதபுரம் விவசாயியின் கவலையையும், அணைக்குக் கீழே குடியிருப்பவரின் அச்சத்தையும் ஒரே அளவில் எழுதுங்கள். நாளை நிர்வாகத்தில் உட்காரப் போகிறவரின் விடை அது.

அதே கேள்வியை மூன்று மாதம் கழித்து மறுபடி எழுதினேன். முதல் மூன்று நிமிடம் கோட்டு வரைபடம், பிறகு ஒரு பக்கத்துக்கு மழையும் காற்றும், அரைப் பக்கம் வரலாறு, கடைசியில் குமரியும் பாலக்காடும். அக்கா 10 போட்டார், கூடவே, "ரப்பர் வருது, தேயிலை எங்கே? மூணாறையும் வால்பாறையையும் சேர்" என்று எழுதியிருந்தார். சேர்த்துவிட்டேன். இப்போது கர்நாடகத்துக்கு ஒரு தாள் போட்டிருக்கிறேன். இதற்கு மலை வேண்டாம், காவிரிதான் கோடு. குடகில் தலைக்காவிரியில் தொடங்கி, கிருஷ்ணராஜ சாகர் தாண்டி, நேற்று இரவு ஒகேனக்கல் வரை வந்திருக்கிறேன்.