மூடுபனியிலும் காய்கிற முட்டை: ஏற்காட்டில் இன்குபேட்டர் ஓட்டியது

ஏற்காட்டு ஈரத்துக்கு, முட்டை பொரிக்கிற இன்குபேட்டர் பெட்டியில் தண்ணீர் ஊற்றவே வேண்டாம் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பார்த்தவரை விஷயம் நேர்மாறு. வெளியே சில்வர் ஓக் மரமே தெரியாத அளவுக்குப் பனி இறங்கியிருக்கும். பெட்டிக்குள் ஈரப்பதம் 35 சதவீதத்தைத் தாண்டாது.

காரணம் எளிது. 18 டிகிரியில் பனியாய் நிற்கிற காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினால், 100 சதவீத ஈரப்பதம் 32-க்கு இறங்கிவிடும். அதில் இருக்கிற நீர் அதேதான், சூடான காற்றுக்கு அது போதவில்லை. கீழே சேலத்தில் 28 டிகிரி, 70 சதவீதம் என்றால் அதே பெட்டியில் 40-க்கு மேல் நிற்கும். இதோடு, 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஓட்டின் நுண்துளை வழியாக முட்டையின் நீர் இன்னும் வேகமாக வெளியேறும்.

அதனால் ஈரப்பத மீட்டரை மட்டும் நம்பாமல் முட்டையையே எடை போட்டேன். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் மச்சான், கொலுசு நிறுக்கிற பழைய தராசு ஒன்றைக் கொடுத்தார். 18 நாளில் முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 சதவீதம் இழக்க வேண்டும். 45 கிராம் சிறுவிடை நாட்டுக்கோழி முட்டை என்றால் முதல் வாரத்தில் இரண்டு கிராம் சொச்சம். அதற்கு மேல் இறங்கினால் தண்ணீர்த் தட்டைப் பெரிதாக்கினேன். ஆழமாக ஊற்றிப் பயனில்லை, நீரின் பரப்புதான் கணக்கு. கிண்ணத்தை எடுத்துவிட்டு அகலமான தட்டு வைத்து, அதில் பழைய துண்டை நனைத்துப் போட்டதும் 50-க்கு வந்தது.

முட்டைகள் அடிவாரத்துச் சொந்தக்காரர் வீட்டிலிருந்து வந்தவை. இருபது கொண்டை ஊசி வளைவில் குலுங்கி வருவதால், அகன்ற பக்கம் மேலே இருக்கும்படி நிறுத்தி அரை நாள் ஆறவிட்ட பிறகே வைத்தேன். ஏழாம் நாள் இரவு செல்போன் டார்ச்சில் பார்த்தால் சிவப்பு நரம்புகளுக்கு நடுவே ஒரு கறுப்புப் புள்ளி ஆடும், அது கண். ஒன்றுமே தெரியாமல் தெளிவாக இருந்த கூமுட்டைகளை எடுத்துவிட்டேன்.

18-ஆம் நாளோடு முட்டைகளைத் திருப்புவதை நிறுத்தி, ஈரத்தை 65-க்கு மேல் ஏற்றிவிட்டேன். இந்தக் கட்டத்தில் மூடியைத் திறக்கக் கூடாது என்பதுதான் பெரிய சோதனை. ஓட்டில் ஒரு கீறல் விழும், அலகு நுனி தெரியும், அப்புறம் பல மணி நேரம் அசைவே இருக்காது. செத்துவிட்டதோ என்று தோன்றும். உள்ளே குஞ்சு மஞ்சள் கருவை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு ஓய்வெடுக்கிறது. பாவம் பார்த்துத் திறந்தால் உள்சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். விட்டால் தானாகவே உள்ளே சுற்றிச் சுற்றிக் கொத்தி ஓட்டைத் தொப்பி போலத் தள்ளிவிடும்.

பொரித்த பிறகு முதல் வாரம் 35 டிகிரி வேண்டும். இங்கே இரவில் பல்பை நம்பிக் குஞ்சு வளர்ப்பது கரண்ட் கையில்தான் இருக்கிறது. நல்லவேளை, பக்கத்து வீட்டு அக்காவிடம் ஒரு கோழி அடையில் இருந்தது. குஞ்சுகளை அதனிடம் விடலாமா என்று கேட்டதும் அக்கா சொன்னார்:

"பகல்ல விட்டா கொத்திப் போடும் கண்ணு. ராத்திரி இருட்டுல ரெக்கைக்கடியில ஒவ்வொண்ணா தள்ளிவுடு. காலையில அது பெத்த புள்ளைதான்."

மஞ்சள் கரு கையிருப்பில் குஞ்சு இரண்டு நாள் தாங்கும் என்பதால் இருட்டும்வரை அவசரமில்லை. அக்கா அடையில் இருந்த முட்டைகளை எடுத்துவிட, நான் குஞ்சுகளை உள்ளே விட்டேன். கோழி ஒரு முறை கொக்கரித்துவிட்டு இறக்கையை இன்னும் விரித்து அமர்ந்தது. விடிந்ததும் கொடாப்புக் கூடைக்குள் நொய்யைக் கொத்திக் காட்டிக் குஞ்சுகளைக் கூப்பிட்டது. பொரிக்க மெஷின், வளர்க்கக் கோழி. இந்த மலையில் எனக்கு ஒத்துவருவது இதுதான்.

பொரித்த ஏழாம் நாள், வெள்ளைக்கழிச்சல் நோய் வராமலிருக்கக் குஞ்சின் கண்ணில் சொட்டு மருந்து. ஒரு குப்பியில் நூறு குஞ்சுக்கு இருக்கும், கலக்கினால் ஓரிரு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். சேலத்திலிருந்து ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து, தெருவில் குஞ்சு இருக்கிற எல்லா வீட்டுக்கும் சேர்த்தே போட்டோம்.